மாரியும் பள்ளிக்கூட வானும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணை, நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாணம் ரவுணுக்கு 14 பிள்ளைகளை வானில் ஏற்றி இறக்குகிறேன். போன கார்த்திகையில் நீர்வேலியில் பிறேக் பிடிக்க, வான் வழுக்கிக்கொண்டு போய் மதகுக்கு ஒரு முழம் இருக்கத்தான் நின்றது. ரொறன்ரோவில் இருக்கிற மச்சான், தாங்கள் போடுகிற மாதிரிக் குளிர்கால ரயர் போடு என்கிறார். போடலாமா? வேறு என்ன பார்க்க வேண்டும்?
(வான் உரிமையாளர், நெல்லியடி)

பதில்: தம்பி, முதலில் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது பெரிய ஆறுதல். மச்சான் அக்கறையில் சொல்கிறார், ஆனால் அந்த ரயரின் றப்பர் வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போகும்போதும் இறுகாமல் இருப்பதற்காகச் செய்தது. எங்கள் மார்கழிக் கூதல் அதற்குக் கிட்டவும் வராது. இங்கே போட்டால் சூட்டில் கெதியாகத் தேய்ந்துவிடும், காசுதான் வீண்.

எங்களுக்கு வேண்டியது ஆழமான தவாளிப்பு, அதாவது ரயரில் வெட்டியிருக்கிற பள்ளம். தண்ணீர் அதற்குள்ளால் வெளியேறினால்தான் ரயர் தாரைப் பிடிக்கும், இல்லாவிட்டால் வான் தண்ணீரின் மேலே மிதந்து போகும். தவாளிப்புக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும், அவற்றின் உயரம் 1.6 மில்லிமீற்றர். றப்பர் அந்த மட்டத்துக்குத் தேயும் வரை காத்திருக்காதீர்கள், பிள்ளைகளை ஏற்றுகிற வானுக்கு 3 மில்லிமீற்றரிலேயே மாற்றிவிடுங்கள். காற்றையும் புரட்டாதியிலேயே ஒருதடவை பாருங்கள், டிறைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கிற அளவுப்படி.

ஆனால் நீங்கள் வழுக்கிய இடத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் ரயரில் மட்டும் இல்லை, றோட்டிலும்தான். கோப்பாய், நீர்வேலிப் பக்கம் வாழைத் தோட்டத்துக்குள் போய் வருகிற உழவு இயந்திரங்கள் சில்லில் ஒட்டின செம்மண்ணைத் தார் றோட்டில் அப்பிவிட்டுப் போகும். அதில் தூறல் விழுந்தால் சவர்க்காரம் பூசினது போலத்தான். பெருமழை என்றால் கழுவிக்கொண்டு போய்விடும், தூறல்தான் ஆபத்து. மண்ணைக் கண்டதும் அதற்கு முன்னாலேயே வேகத்தைக் குறையுங்கள், மண்ணின் மேல் ஏறின பிறகு பிறேக்கை அழுத்தாதீர்கள்.

வேகக் கணக்கு ஒன்று. 60 கிலோமீற்றரில் போனால் ஒரு செக்கனுக்கு கிட்டத்தட்ட 17 மீற்றர், 40இல் போனால் 11 மீற்றர். கால் பிறேக்குக்குப் போகிற அந்த ஒரு செக்கனிலேயே கிட்டத்தட்ட 6 மீற்றர் வித்தியாசம், ஏறக்குறைய ஒரு வானின் நீளம். அதற்குப் பிறகு ஈரத் தாரில் வான் நிற்கிற தூரம் வேறு.

உங்கள் பாதையில் வருகிற வல்லை வெட்டைவெளியில் கவனம். கடல்நீரேரிப் பக்கமிருந்து அடிக்கிற காற்று உயரமான வானைப் பக்கவாட்டில் தள்ளும். பெரிய பஸ் ஒன்று பக்கத்தால் போகும்போது காற்று சட்டென்று நின்று, அது விலகினதும் திரும்ப அறையும். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும், அங்கே முந்தவே வேண்டாம்.

றோட்டுக் கரை தெரியாத வெள்ளத்துக்குள் இறங்காதீர்கள். ஓடுகிற வெள்ளம் ஒரு அடி நின்றாலே கார் மிதக்கப் பார்க்கும், இரண்டு அடி என்றால் வானையும் இழுத்துவிடும். சின்னத் தேக்கத்தைக் கடந்து வந்தாலும் மெதுவாகப் போய்க்கொண்டே பிறேக்கை இரண்டு மூன்று தரம் லேசாக அழுத்திக் காயவிடுங்கள்.

வைப்பரை விரலால் தடவிப் பாருங்கள், சித்திரை வெயிலில் றப்பர் காய்ந்து நுனி மட்டையாகியிருக்கும். 14 பிள்ளைகள் நனைந்து ஏறினால் கண்ணாடி உள்ளுக்குள் பூத்துவிடும், குளிர்ந்தாலும் பரவாயில்லை, ஏசியைப் போட்டுக் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள். றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் விடுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள், எங்கள் சுண்ணக்கல் நிலத்துத் தண்ணீர் உள்ளே படிந்து குழாயை அடைக்கும், கூலன்ட் விடுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் ஒன்றைச் செய்யாவிட்டால் பயனில்லை. மாரிக்கு என்று புறப்படுகிற நேரத்தை 15 நிமிடம் முந்தி வையுங்கள். பெற்றோருக்கு ஐப்பசி பிறக்கும்போதே சொல்லுங்கள். நேரம் பிந்தினவனின் கால் பிறேக்கில் நிற்காது, நான் ஓடின காலத்தில் எனக்கே அது நடந்திருக்கிறது.

கேள்வி: மகன் இரண்டாம் ஆண்டு. வான் ஹோர்ன் அடித்ததும் குடையோடு ஒழுங்கையால் ஓடுகிறான். பயமாக இருக்கிறது.
(தாய், உரும்பிராய்)

பதில்: தங்கச்சி, பயப்பட வேண்டியதுதான். குடைக்குள் இருக்கிற பிள்ளைக்குப் பக்கத்தால் வருவது தெரியாது, விடியப்புற மம்மலில் டிறைவருக்கும் அவன் தெரியமாட்டான். மஞ்சள் நிற மழைக்கோட்டு வாங்கிக் கொடுங்கள். வான் வருவதற்கு 5 நிமிடம் முன்னாலேயே கையைப் பிடித்துக்கொண்டு போய் நில்லுங்கள், வெள்ளம் நிரம்பின நேரத்தில் வாய்க்கால் எது, றோட்டு எது என்று சின்னப் பிள்ளைக்கு விளங்காது. பின்னேரம் இறங்கினதும் வான் போகும் வரை அசையாமல் நிற்கப் பழக்குங்கள், வானுக்கு முன்னாலோ பின்னாலோ குறுக்கே போகக் கூடாது. முடிந்தால் உங்கள் பக்கத்துக் கரையிலேயே இறக்கிவிடச் சொல்லுங்கள். அதற்காக வான் ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டியிருக்கும், அந்த டீசல் காசை அவர் கேட்டால் மறுக்காமல் கொடுங்கள்.