கஞ்சி அண்டாவில் வீணாய்ப்போன என்சைம் பொடி

கேள்வி: வணக்கம் சார். பெங்களூரில் ஆனேக்கல் பக்கம் இருக்கிறோம். ஐந்து ஹெச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன்) கலப்பு மாடுகள், அதில் நாலு கறவையில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நாளுக்கு 11, 12 லிட்டர் கறக்கும். காலையில் பெரிய அண்டாவில் பூசா (தவிடு), கடலைப் புண்ணாக்கு, மக்காச்சோளம், பக்கத்து பிஜி ஹாஸ்டலில் மிஞ்சும் சோறு (தலைக்கு நாலைந்து கிலோ வரும்) எல்லாம் போட்டுக் கொதிக்க வைத்து, ஒரு கை சோடா உப்பும் சேர்த்துக் கொடுக்கிறோம். அப்புறம்தான் ராகித் தாள் (கேழ்வரகு வைக்கோல்). தீவனக் கடையில் ஜீரணத்துக்கு என்று ஒரு என்சைம் பொடி கொடுத்தார்கள். அண்டாவை இறக்கியதும் அதிலேயே கலக்கி விடுகிறேன். 40 நாள் ஆகிவிட்டது. சாணத்தில் மக்காச்சோளம் முழுசு முழுசாக வருகிறது. சாணமும் இளகலாக, நுரை நுரையாக இருக்கிறது. டெய்ரியில் ஃபேட் 3.2-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. பொடி டூப்ளிகேட் என்கிறார் வீட்டுக்காரர். அளவை இரண்டு மடங்காக்குங்கள் என்கிறார் கடைக்காரர். பாக்கெட்டில் செல்லுலேஸ், சைலனேஸ், அமைலேஸ், பீட்டா குளுக்கனேஸ், பைட்டேஸ் என்று எழுதியிருக்கிறது. என்ன செய்யட்டும்? இருபது நாட்டுக்கோழியும் இருக்கின்றன, அதுகளுக்குப் போடலாமா?

பதில்: வணக்கம் அம்மா. பொடி டூப்ளிகேட்டா இல்லையா என்று இப்போதைக்கு யாராலும் சொல்ல முடியாது. ஏனென்றால் அசல் பொடியாகவே இருந்தாலும் உங்கள் அண்டாவில் அது பிழைத்திருக்காது. அளவை இரண்டு மடங்காக்கினால் இரண்டு மடங்கு காசு போகும், அவ்வளவுதான்.

நீங்கள் பால் கறப்பவர், தயிருக்கு உறை ஊற்றுபவர். கொதிக்கிற பாலில் யாராவது உறை ஊற்றுவார்களா? கை பொறுக்கும் சூடு வரும்வரை காத்திருப்போம். உறையில் இருப்பது உயிருள்ள பாக்டீரியா. என்சைம், அதாவது நொதி, உயிருள்ளது இல்லை. அது ஒரு புரதம். ஆனால் சூடு விஷயத்தில் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே கதிதான். நீண்ட சங்கிலி போன்ற புரதம் தனக்கே உரிய ஒரு விதத்தில் மடிந்து சுருண்டிருக்கும். அந்த மடிப்பில் ஒரு குழி இருக்கும். அந்தக் குழியில் பொருந்துகிற பொருளை மட்டும் பிடித்து, வெட்டி, விட்டுவிட்டு, அடுத்ததைப் பிடிக்கும். வேலை செய்யும்போது தான் தீர்ந்துபோவதில்லை. அதனால்தான் ஒரு டன் தீவனத்துக்குச் சில நூறு கிராம் என்று சிட்டிகைக் கணக்கில் போடச் சொல்கிறார்கள். சூடு ஏறினால் அந்த மடிப்பு அவிழ்ந்துவிடும். முட்டையின் வெள்ளைக்கரு வெந்தபின் மறுபடி தண்ணீராகாது இல்லையா, அதே கதைதான். தீவனத்தில் சேர்க்கும் நொதிகள் பெரும்பாலும் 60 டிகிரியைத் தாண்டினாலே தடுமாற ஆரம்பிக்கும். அப்போதுதான் இறக்கிய கஞ்சி 90 டிகிரிக்கு மேல் இருக்கும்.

குளிர் வேறு மாதிரி. குளிரில் நொதி கெடுவதில்லை, மந்தமாகிறது. டிசம்பரில் நம் ஊரில் இட்லி மாவு பொங்க மாட்டேன் என்று படுத்துக்கொள்வதும், அதையே அடுப்புப் பக்கம் வைத்தால் எழுந்துவிடுவதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். தாங்கும் எல்லைக்குள் சுமார் பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். எல்லையைத் தாண்டினால் எல்லாம் போச்சு.

சோடா உப்பு இரண்டாவது அடி. பொடியில் இருக்கும் நொதிகள் பெரும்பாலும் பூஞ்சையில் இருந்து எடுத்தவை. லேசான புளிப்பில்தான் அவை சுறுசுறுப்பு. சோடா கலந்த ஈரக் கஞ்சி எதிர்ப்பக்கம் போய்விடும். சோடா உப்பு மாட்டுக்கு நல்லதுதான். அதை நிறுத்த வேண்டாம், ஆனால் பொடியோடு சேர்த்துக் குழைக்க வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரரின் சந்தேகத்தை வீட்டிலேயே ஓரளவு தீர்க்கலாம். ராகி மாவில் கெட்டியாகக் கூழ் காய்ச்சி, விரலை விட்டு வைத்திருக்க முடிகிற சூட்டுக்கு ஆறவிடுங்கள். மூன்று டம்ளரில் ஊற்றுங்கள். ஒன்றில் எதுவும் போடாதீர்கள். இன்னொன்றில் ஒரு ஸ்பூன் பொடி. மூன்றாவதில், கொதிக்கும் வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு ஆறவைத்த அதே பொடி. கலக்கிவிட்டு அரை மணி, ஒரு மணி கழித்துப் பாருங்கள். பொடியில் மாவுச்சத்தை வெட்டும் அமைலேஸ் கெடாமல் இருந்தால் நடு டம்ளர் நீர்த்து மோர்போல ஓடும். மூன்றாவதோ, வெந்நீர் சேர்ந்த அளவுக்குத் தளர்ந்திருக்குமே தவிர அப்படி ஓடாது. பொடி இல்லாமலே இதைப் பார்க்க வேண்டுமென்றால் முளைகட்டிக் காயவைத்து அரைத்த ராகி மாவு ஒரு ஸ்பூன் போதும். குழந்தைக்கு ராகி மால்ட் காய்ச்சும்போது கஞ்சி ஏன் தண்ணியாக இருக்கிறது என்பதன் ரகசியமும் அந்த முளையில் ஊறும் அமைலேஸ்தான். ஆனால் இந்தச் சோதனை அமைலேஸுக்கு மட்டும்தான் சாட்சி. செல்லுலேஸும் சைலனேஸும் இருக்கின்றனவா என்பதை டம்ளர் சொல்லாது.

அதுவும் ஒரு பாடம்தான். எமில் பிஷர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1894-லேயே இதைப் பூட்டும் சாவியும் மாதிரி என்றார். மாவுச்சத்தை வெட்டும் அமைலேஸ் நாரைத் தொடாது. சைலனேஸ் நாரின் ஒரு பகுதியைத்தான் வெட்டும். உங்கள் பாக்கெட்டில் உள்ள பீட்டா குளுக்கனேஸுக்குப் பார்லி, ஓட்ஸ் போன்றவற்றில்தான் பெரிய வேலை. ராகியிலும் மக்காச்சோளத்திலும் அதற்கு வேலை குறைவு. நகரத்து பீர் வேஸ்ட் வாங்கிப் போடுகிறவர்களாவது பார்லி போடுகிறார்கள் என்று சொல்லலாம். பைட்டேஸ் இன்னும் வேடிக்கை: தானியத்தில் பூட்டிக் கிடக்கும் பாஸ்பரஸை விடுவிக்கிற அந்த நொதியை உங்கள் மாட்டின் வயிற்று நுண்ணுயிர்களே தாராளமாகத் தயாரிக்கின்றன. பாக்கெட்டின் பின்பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். பல சமயம் கோழித் தீவனத்துக்கு என்று செய்த கலவையையே மாட்டுக்கும் கை மாற்றிவிடுகிறார்கள்.

சரி, இனி மாட்டுக்கு வருவோம். உங்கள் பிரச்சினை பொடி சம்பந்தப்பட்டதே இல்லை என்பது என் கருத்து.

வைக்கோலையும் தாளையும் செரிக்கிற செல்லுலேஸ் நொதியை மாடு தானாகச் சுரப்பதில்லை. மாடு மட்டுமில்லை, எந்தப் பாலூட்டியும் சுரப்பதில்லை. பெருவயிற்றில் குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள்தான் சுரக்கின்றன. ஆக, உங்கள் கொட்டகையில் ஏற்கெனவே ஐந்து என்சைம் தொழிற்சாலைகள் நின்றுகொண்டு அசைபோடுகின்றன. 39 டிகிரிச் சூடு, எப்போதும் ஈரம், தாள் ஒரு நாளுக்கு மேல் ஊறிக் கிடக்கிற அவகாசம் என்று எல்லாம் கச்சிதமாக அமைந்த இடம். ஒரே நிபந்தனை, புளிப்பு ஏறக்கூடாது. பி.ஹெச். (புளிப்பு ஏற ஏற இறங்கும் அளவு) 6-லிருந்து 7-க்குள் இருக்க வேண்டும். 6-க்குக் கீழே இறங்கினால் நார் செரிக்கும் பாக்டீரியாக்கள் வேலையை நிறுத்திவிடும்.

அந்தப் புளிப்பைத்தான் நீங்கள் தினமும் காலையில் அண்டா நிறையக் கொடுக்கிறீர்கள். வெந்த சோறு நுண்ணுயிர்களின் அமைலேஸுக்குக் கதவு திறந்த வீடு மாதிரி. வேகவைத்ததில் மாவுச்சத்து ஊறி உப்பி விரிந்து கிடக்கிறது, நொதி நேராக உள்ளே போய் வெட்டித் தள்ளும். அமிலம் குபுகுபுவென்று சேரும். அதுவும் வெறும் வயிற்றில், தாள் கடிக்கும் முன்னால். தாள் மென்றால்தான் எச்சில் ஊறும். நன்றாக அசைபோடுகிற கறவை மாடு நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கு மேல் எச்சில் விழுங்கும். அந்த எச்சிலில் இருப்பதும் சோடா உப்பின் சரக்குதான். கஞ்சியை மெல்ல வேண்டியதில்லை, உறிஞ்சினால் போதும். எச்சில் இல்லை, அமிலம் மட்டும் இருக்கிறது. நுரைத்த இளகல் சாணமும் இறங்கின ஃபேட்டும் இதைத்தான் சொல்கின்றன. பால் கொழுப்புக்கு மூலப்பொருள் நார் செரிப்பதில் கிடைக்கும் அசிட்டிக் அமிலம். நார் செரிக்கவில்லை என்றால் ஃபேட் எங்கிருந்து வரும்?

அதே அண்டாவில் இருக்கும் மக்காச்சோளத்துக்கு நேர் எதிரான கதை. கடினமான மேல்தோல் உடையாமல் நொதி உள்ளே போக முடியாது. கொதித்தாலும் தோல் ஊறுமே தவிர உடையாது. அதனால்தான் முழுசாக வாயில் போனது முழுசாகவே சாணத்தில் வருகிறது. இதற்கு எந்தப் பொடியும் வேண்டாம், மில்லில் ஒன்றுக்கு நாலாக உடைத்து வாங்குங்கள். ரவை மாதிரி வேண்டாம், அது மறுபடியும் சோற்றுப் பக்கம் போய்விடும்.

ஆகவே அண்டாவுக்கு அடியில் விறகு வைப்பதை நிறுத்துங்கள். பூசாவையும் புண்ணாக்கையும் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுத்தாலே போதும், வேகவைப்பதால் மாட்டுக்கு எந்த லாபமும் இல்லை. சோற்றைப் பத்து நாளில் படிப்படியாகக் குறைத்துத் தலைக்கு ஒரு கிலோவுக்குள் கொண்டுவாருங்கள். ஓசியில் வருவதை வேண்டாம் என்பது கஷ்டம்தான், எனக்கும் தெரியும். ஆனால் டெய்ரியில் ஃபேட்டுக்கு வெட்டுகிற காசை ஒரு மாதம் கூட்டிப் பாருங்கள், அது ஓசி இல்லை என்று புரியும். காலையில் முதலில் தாள், அரை மணி கழித்துத் தீவனம். சோடா உப்பை 100 முதல் 150 கிராம் என்று தராசில் நிறுத்து, அன்றைய தீவனத்தில் இரண்டு வேளையாகப் பிரித்துப் போடுங்கள். கையளவு என்பது ஒவ்வொரு கைக்கும் ஒவ்வொரு அளவு.

ராகித் தாளைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் செல்லுலோஸ் என்ற நாரைச் சுற்றி லிக்னின் என்ற கட்டைச் சரக்கு உறை போட்டிருக்கிறது. செல்லுலேஸ் அதைத் துளைக்காது. பெங்களூர் ஆடுகோடியில் இருக்கும் தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனத்தில் இந்த லிக்னினை உடைக்கும் நொதிகளைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார்கள். இன்றைக்கு உங்கள் கைக்கு எட்டும் வழி யூரியா ஊட்டம். 100 கிலோ தாளுக்கு 4 கிலோ யூரியாவை 50 லிட்டர் தண்ணீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாய் போட்டு 21 நாள் மூடி வையுங்கள். உள்ளே வேலை செய்வது யாரென்றால் மறுபடியும் ஒரு நொதி, யூரியேஸ். தாளில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களின் யூரியேஸ் யூரியாவை அம்மோனியாவாக்குகிறது. அந்த அம்மோனியா தாளின் கட்டை உறையைத் தளர்த்துகிறது. நொதி ஒரு புரதம்தான் என்று முதலில் காட்டியதே இந்த யூரியேஸை வைத்துத்தான். 1926-ல் ஜேம்ஸ் சம்னர் அவரை இனத்து விதை ஒன்றில் இருந்து அதைப் படிகமாக்கினார். பின்னால் நோபல் பரிசும் கிடைத்தது. டிசம்பர், ஜனவரியில் மூடினால் ஒரு வாரம் கூடுதலாக விடுங்கள், நம் ஊர்க் குளிருக்கு நொதி மெதுவாகத்தான் நடக்கும். திறந்தபின் நெடி போகும்வரை காற்றாட விட்டுக் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு வேண்டாம். கரைத்த யூரியாத் தண்ணீர் வாளி எந்த மாட்டின் வாய்க்கும் எட்டக்கூடாது, உயிர் போய்விடும். பச்சை சோயாவில் யூரியேஸ் ஏராளம் என்பதால் யூரியா போடும் தீவனத்தில் அதைச் சேர்க்கவே கூடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மாட்டின் உடம்புக்குள் ஓடும் பல நொதிகளுக்குக் குழியில் ஒரு உலோகத் துணுக்கு வேண்டும். செம்பு, துத்தநாகம் போன்றவை. கருப்பு மயிருக்கு நிறம் கொடுக்கும் நொதி செம்பு இல்லாமல் ஓடாது. உங்கள் ஹெச்.எஃப். மாட்டின் கருப்புத் திட்டு துருப்பிடித்தாற்போலச் செம்பட்டையாகி இருக்கிறதா, கண்ணைச் சுற்றி வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் செம்புக் குறைவு இருக்கலாம். தாது உப்புக் கலவை தலைக்கு நாளுக்கு 50 கிராம் கொடுக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் பொடிக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

மீதிப் பொடியைக் கோழிக்குக் கொடுக்கலாம். கோழிக்குப் பெருவயிறு இல்லை, பைட்டேஸும் சைலனேஸும் அங்கேதான் உண்மையாகப் பிரயோசனப்படும். அரைத்த தானியமும் தவிடும் கலந்த உலர் தீவனத்தில், பாக்கெட்டில் சொன்ன அளவை முதலில் ஒரு படித் தவிட்டில் கலந்து, அப்புறம் மொத்தத்திலும் கலக்குங்கள். மேய்ந்து வயிறு நிரப்பும் நாட்டுக்கோழிக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, அடைத்து வளர்ப்பதற்குத்தான் தெரியும். பொடியைத் தகரக் கூரைக் கொட்டகையில் தொங்கவிடாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரிய டப்பா நொதியைத் தகர ஷெட்டில் ஒரு கோடை முழுக்க வைத்துவிட்டு, அப்புறம் ஒரு மாதம் கோழிகளை வேடிக்கை பார்த்தவன் நான். ஈரமும் சூடும் இல்லாத அறையில், வாய் கட்டிய டப்பாவில் வையுங்கள்.

மாட்டுக்கு இந்தப் பொடியைப் போட்டே தீர வேண்டும் என்றால், ஆறின ஊறல் தீவனத்தில், சோடா இல்லாமல், போடுவதற்குச் சற்று முன்பு தூவிக் கலக்குங்கள். கறவை மாட்டில் நார் நொதி சேர்த்துப் பார்த்த ஆய்வுகளில் சில இடத்தில் பால் கூடியிருக்கிறது, சில இடத்தில் ஒன்றும் நடக்கவில்லை. என் கைக்காசாக இருந்தால் நான் வாங்க மாட்டேன்.

முதலில் சோற்றைக் குறைத்து, மக்காச்சோளத்தை உடைத்து, தாளை முன்னால் போடுங்கள். வயிற்று நுண்ணுயிர்கள் புதுத் தீவனத்துக்குப் பழக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். மூன்றாவது வாரத்து ஃபேட் சீட்டையும் சாணம் எப்படி இருக்கிறது என்பதையும் எழுதி அனுப்புங்கள். அதற்குள் எந்த மாடாவது அசைபோடாமல் நின்றாலோ, நடக்கும்போது கால் வலித்துத் தயங்கினாலோ காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.