சிவப்பு விளக்கு எரிந்த பிறகு ஓட்டிய கார்: வாரண்டி கிடைக்குமா?

கேள்வி: ஐயா, நான் உசிலம்பட்டி பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். 2 வருடம் 4 மாதத்துக்கு முன்பு 11 லட்சத்துக்கு டீசல் கார் எடுத்தேன். 3 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் வாரண்டி. 58,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. போன மாதம் தேனியிலிருந்து ராத்திரி திரும்பும்போது ஆண்டிபட்டி கணவாயில் எஞ்சின் சத்தம் மாறி, சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தது. பொம்பளை பிள்ளைகளோடு இருட்டில் நிற்க மனமில்லாமல் மெதுவாக ஓட்டிக்கொண்டே வந்தேன். ஊர் வருவதற்குள் எஞ்சின் நின்றுவிட்டது. மதுரை சர்வீஸ் சென்டரில், "எஞ்சின் போச்சு, 2,35,000 ஆகும். கடைசி சர்வீஸை வெளியில் பார்த்ததால் வாரண்டி கிடையாது" என்கிறார்கள். உள்ளூரில் சொந்தக்காரப் பையனிடம் ஆயில் மாற்றியது உண்மை, பில் இல்லை. ஆனால் இரண்டாவது சர்வீஸிலேயே ஆயில் குறைகிறது என்று சொன்னேன். "டீசல் வண்டின்னா அப்படித்தான்" என்றார்கள். விற்கும்போது "மூணு வருஷத்துக்குப் பைசா செலவில்லை" என்றார்கள். மேனேஜர் என் மனைவி முன்னால் ஒருமையில் பேசினார். தங்கை வளைகாப்புக்கு வாடகைக் காரில் போக வேண்டியதாயிற்று. இப்போது அங்கேயே ஒருவர், "சேம்பர்ல (எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) கல்லு அடிச்சதுன்னு எழுதிக் கொடுங்க, இன்சூரன்ஸ்ல வாங்கிரலாம்" என்கிறார். புதுக் காரும் 10 லட்சம் நஷ்டஈடும் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: வழக்குப் போடலாம். புதுக் கார் கிடைக்காது. வாரண்டியில் கம்பெனி ஒப்புக்கொண்டது பழுதான பாகத்தை மாற்றித் தருவதைத்தான், முழுக் காரையும் அல்ல என்று 2006-லேயே மாருதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விற்பனையாளர் வாயால் சொன்னது, மேனேஜர் ஒருமையில் பேசியது, வளைகாப்புக்கு வாடகைக் காரில் போனது எதுவும் இந்த வழக்கை நகர்த்தாது. மனுவில் ஒரு பத்திக்கு மேல் அவற்றுக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

ஆயில் ஏன் குறைந்தது? நுகர்வோர் ஆணையம் விடை தேடப்போவது இந்த ஒரு கேள்விக்குத்தான். எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின் சீல் கசிந்து ஆயில் எரிந்திருந்தால் அது பாகத்தின் குறை, கம்பெனி பொறுப்பு. ஆயில் மாற்றும்போது அடியில் உள்ள போல்ட்டைச் சரியாக முறுக்காமல் ஒழுகியிருந்தால் உங்கள் சொந்தக்காரப் பையன் பொறுப்பு. கீழே கல் அடித்து ஒழுகியிருந்தால் அது விபத்து, வாரண்டிக்குள் வராது. மூன்றில் எது என்பதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். சாட்சி அந்த எஞ்சினுக்குள்ளேயும், இரண்டாவது சர்வீஸ் ஜாப் கார்டிலும் (வண்டியை விடும்போது புகாரையும் வேலையையும் எழுதும் தாள்) இருக்கிறது. ஆயில் குறைகிறது என்று நீங்கள் சொன்னதை அந்த ஜாப் கார்டில் எழுதியிருக்கிறார்களா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். எழுதியிருந்தால் உங்கள் கையில் இருப்பதிலேயே பலமான காகிதம் அதுதான். வெறும் வாய்வார்த்தையாகப் போயிருந்தால் உங்கள் நிலைமை பாதியாகக் குறைந்துவிடும்.

வெளியில் சர்வீஸ் பார்த்ததைச் சொல்லி மொத்தமாகக் கையை விரிப்பதை எதிர்க்க உங்களுக்கு இடம் உண்டு. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்ட உத்தரவில், வெளி மெக்கானிக்கிடம் போனார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, அந்த வெளிவேலையால் வந்த சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்று சொன்னது. ஆனால் அந்த உத்தரவை எதிர்த்து நிறுவனங்கள் மேலே போய்விட்டன. வாதத்தில் அதைச் சொல்லலாம், அதை மட்டும் நம்பி வழக்கில் இறங்கக் கூடாது. அதோடு, அந்த வாதம் ஜெயித்தாலும் திரும்பவும் ஆயில் ஏன் குறைந்தது என்ற கேள்விக்கே வந்து நிற்பீர்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பயமாக இருப்பது அந்த இன்சூரன்ஸ் யோசனைதான். தயவுசெய்து அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சாதாரண வாகன பாலிசியில் எஞ்சின் தானாகப் பழுதாவதற்குப் பணம் கிடையாது. அதனால்தான் கல் கதையைக் கட்டச் சொல்கிறார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வந்து சேம்பரில் அடி பட்ட தடம் இல்லை என்று எழுதினால் க்ளெயிம் அங்கேயே முடிந்தது. தடம் இருந்தாலும் சேம்பருக்குத்தான் பணம் தருவார்கள். விளக்கு எரிந்த பிறகு ஓட்டியதால் எஞ்சின் பிடித்துக்கொண்டது என்பது தொடர் சேதம் என்று மீதியைக் கழித்துவிடுவார்கள். எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்து எடுக்காத பாலிசியில் இதுதான் நடக்கும். அதன் பிறகு நுகர்வோர் ஆணையத்துக்கு வந்து பாகத்தில் குறை என்று சொன்னால், எதிர்த்தரப்பு வக்கீல் வேறெதுவும் பேச மாட்டார். "கல் அடித்தது" என்று நீங்களே கையெழுத்துப் போட்ட க்ளெயிம் படிவத்தை நீட்டுவார், அவ்வளவுதான். பொய்க் க்ளெயிம் என்பது மோசடி. பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவு வரை போகக்கூடியது. யோசனை சொன்ன ஊழியர் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

இதே மாதிரி இன்னொன்று. ஆயில் மாற்றியதற்கு இப்போது பழைய தேதி போட்டு பில் வாங்கலாமா என்று உங்கள் மனதில் ஓடும். வேண்டாம். முன்னும் பின்னும் உள்ள பில் எண்களை வரவழைத்துப் பார்த்தால் மாட்டிக்கொள்வீர்கள். பிறகு உண்மையைச் சொன்னாலும் எடுபடாது. ஆயில் வாங்கிய ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு போனில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவு போதும். அது உண்மையானது.

மேலூரிலிருந்து என்னிடம் வந்த கட்சிக்காரர் ஒருவருக்கு ஏறத்தாழ உங்கள் பிரச்சினைதான். கல்யாண சீசனில் வண்டி வேண்டும் என்று முழுப் பணத்தையும் கட்டி, ரிப்பேர் பார்த்து எடுத்துப் போய்விட்டார். பிறகுதான் என்னிடம் வந்தார். ஜாப் கார்டை வாங்கிப் பார்த்தேன். அடியில் பொடி எழுத்தில் "பழைய பாகங்கள் வேண்டாம்", "வேலை திருப்தி" என்ற இரண்டு கட்டங்களிலும் டிக், கீழே இவர் கையெழுத்து. டிக் போட்டது சர்வீஸ் சென்டர் அட்வைசர். கேட் பாஸ் வாங்கும் அவசரத்தில் இவர் படிக்கவில்லை. பழைய டர்போ காயலான் கடைக்குப் போய்விட்டது. பரிசோதிக்கப் பாகமே இல்லாதபோது நிபுணரை எதைப் பார்க்கச் சொல்வது? தயாரிப்புக் குறை நிரூபிக்கப்படவில்லை என்று ஒரு வரியில் வழக்கு போனது. அவர் சொன்னதெல்லாம் உண்மை என்று இன்றும் நம்புகிறேன்.

ஆகவே எஞ்சினை உங்கள் ஆட்கள் யாரும் வெளியில் கொண்டுபோய்ப் பிரிக்கக் கூடாது. சர்வீஸ் சென்டரும் நீங்கள் இல்லாமல் பிரிக்கக் கூடாது என்று டீலர், கம்பெனி இருவருக்கும் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் எழுதுங்கள். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளை அழிக்கும் முன் ஸ்கேன் ரிப்போர்ட் நகல் கேளுங்கள். வாரண்டி மறுப்பை, காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். வழக்கு போட்டால் கூடவே, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவுப்படி பரிசோதனைக்கு அனுப்பவும் நிபுணரை நியமிக்கவும் தனி மனு போட வேண்டும். அந்தச் செலவை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டிவரும். வண்டி இல்லாமல் பிழைப்பு ஓடாது என்றால், "ஆட்சேபனையுடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கொடுத்துப் பணம் கட்டி, கழற்றிய பாகங்களை இரு தரப்புக் கையெழுத்தோடு சீல் வைத்து நீங்களே வாங்கி வையுங்கள். நிறுத்தக் கட்டணம் கேட்பதாக மிரட்டினால் பதறாதீர்கள். எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

இனி அந்தச் சிவப்பு விளக்கு. குடும்பத்தோடு கணவாயில் ராத்திரி நிற்க யாருக்கும் பயம்தான், அது எனக்குப் புரிகிறது. ஆனால் உடனே நிறுத்தி எஞ்சினை அணைக்கச் சொல்லி வண்டியோடு வந்த கையேட்டிலேயே போட்டிருப்பார்கள். டர்போவில் குறை இருந்தது என்று நிபுணரே சொன்னாலும், டர்போ போனதற்குக் கம்பெனி, எஞ்சின் போனதற்கு நீங்கள் என்று பிரிக்க அது போதும். அதை மறைக்கவும் வழியில்லை, மறைக்கவும் கூடாது. 2,35,000-க்காக வழக்கு நடத்தி, மேல்முறையீடு வரை போய், பாதி கிடைத்தால் அதுவே பெரிது. அதுவரை வண்டி ஷெட்டில் தூசி படிந்து கிடக்கும்.

அதனால் சமரசம் பேசுங்கள் என்றே சொல்வேன். மேலே சொன்ன கடிதங்கள் போன பிறகு, டீலரை விட்டுவிட்டு கம்பெனியின் மண்டல அலுவலகத்தில் நல்லெண்ண வாரண்டி (கட்டாயம் இல்லாவிட்டாலும் கம்பெனி தானாக ஏற்கும் செலவு) என்று கேளுங்கள். ஜாப் கார்டில் ஆயில் புகார் பதிவாகியிருந்தால் பாகங்கள் முழுக்க அவர்கள் செலவு, கூலி உங்கள் செலவு என்பதில் நில்லுங்கள். பதிவாகவில்லை என்றால் பாகங்களில் பாதி கொடுத்தாலும் ஒப்புக்கொள்ளுங்கள். ஒப்புக்கொள்ளும் கடிதத்தில் எந்தெந்தப் பாகம், யார் எவ்வளவு, மாற்றிய எஞ்சினுக்கும் டர்போவுக்கும் புதிதாக எத்தனை மாத வாரண்டி, மீதமுள்ள பழைய வாரண்டி தொடரும் என்பதை எழுதி வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை வழக்குப் போடுவதற்கான இரண்டு வருடக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. வாரண்டி மறுத்த தேதியைக் குறித்து வைத்து, பேச்சுவார்த்தையை மூன்று மாதத்துக்கு மேல் இழுக்க விடாதீர்கள்.