அஸ்வானுக்கு எத்தனை நாள்?

அன்புள்ள சார்,

வணக்கம். ஜனவரியில் குடும்பத்தோடு எகிப்து போகிறோம். கெய்ரோ, லக்ஸர், கடைசியில் அஸ்வான். அஸ்வானுக்குப் பயண நிறுவனம் ஒதுக்கியிருப்பது ஒன்றரை நாள்தான். முதல் நாள் பெரிய அணை, ஃபிலே கோவில், மாலையில் 'நூபியக் கிராமம்'. மறுநாள் விடியும் முன்பே கிளம்பி அபு சிம்பல். அந்தக் கிராமம் சுற்றுலாப் பயணிகளுக்காகவே நீலச் சாயம் பூசி வைத்திருக்கும் இடம், முதலைக் குட்டியைக் கையில் கொடுத்துப் படம் எடுப்பார்கள், அவ்வளவுதான் என்று யூடியூபில் ஒருவர் சொல்கிறார். அதை எடுத்துவிட்டு இன்னொரு கோவிலைச் சேர்த்துக்கொள்ளலாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. அவர்களுக்கு எதைத் தவிர்க்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

கிராமத்தை எடுக்க வேண்டாம். முடிந்தால் கெய்ரோவில் ஒரு நாளைக் குறைத்தாவது அஸ்வானில் கூடுதலாகத் தங்குங்கள். கோவில்களை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் அந்த ஊரின் கதையில் பாதிதான் உங்களுக்குக் கிடைக்கும் என்பது என் எண்ணம்.

நீங்கள் பார்க்கப்போகும் ஃபிலேயும் அபு சிம்பலும் கட்டிய இடத்தில் இப்போது இல்லை. 1960இல் அஸ்வான் பெரிய அணையின் வேலை தொடங்கியது. அஸ்வானுக்குத் தெற்கே நைல் கரையோரமாகச் சூடான் வரை நீளும் நூபியர்களின் நிலம்தான் நூபியா. எகிப்துக்குள் இருந்த நூபியா கிட்டத்தட்ட முழுவதும், சூடான் பக்கம் ஒரு பெரும் பகுதியும், அதன் பின்னால் தேங்கும் தண்ணீரில் போய்விடும் என்பது அப்போதே தெரியும். அந்த ஆண்டு மார்ச்சில் யுனெஸ்கோ உலக நாடுகளிடம் உதவி கேட்டது. பல நாடுகள் பணம் கொடுத்தன, ஆய்வுக் குழுக்களை அனுப்பின. நம் தொல்லியல் துறையும் போனது. 1961-62இல் பி.பி.லால் தலைமையிலான குழு அஃபியே, தூமாஸ் என்ற இரண்டு இடங்களில் அகழாய்வு செய்தது. பழைய எகிப்திய மன்னர் இரண்டாம் ராம்சேஸ் மலையைக் குடைந்து அமைத்த அபு சிம்பல் கோவில்கள் இரண்டையும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக அறுத்தார்கள். பழைய இடத்தைவிட ஏறக்குறைய 65 மீட்டர் உயரத்தில், ஆற்றிலிருந்து 200 மீட்டர் பின்னால் தள்ளி, 1968க்குள் மறுபடி கூட்டி முடித்தார்கள். பின்னால் மலை போலத் தெரிவது செயற்கையாக எழுப்பியது, உள்ளே கான்கிரீட் கூடம். மனிதர்கள் சேர்ந்து செய்த நல்ல காரியங்களில் ஒன்றாக அதை நான் மதிக்கிறேன். விடியும் முன் எழுந்து 280 கிலோமீட்டர் பாலைவனத்தைக் கடந்து போவதற்கு அது முழுக்கத் தகுதியான இடம்.

ஆனால் அந்தக் கரையில் மனிதர்களும் இருந்தார்கள்.

அவர்களுடைய கஷ்டம் பெரிய அணையோடு தொடங்கவில்லை. 1902இல் ஆங்கிலேயர்கள் அஸ்வானில் முதல் அணையைக் கட்டி முடித்தார்கள். பிறகு இரண்டு முறை அதை உயர்த்தினார்கள், 1912இலும் 1933இலும். ஒவ்வொரு முறையும் பேரீச்ச மரங்களும் வயல்களும் தண்ணீருக்குள் போயின. சனங்கள் மேட்டில் ஏறிப் புதிதாக வீடு கட்டினார்கள். நிலம் போனதால் ஆண்கள் கெய்ரோவுக்கும் அலெக்சாண்ட்ரியாவுக்கும் சமையல்காரர்களாக, வாயில் காவலர்களாகப் போனார்கள். ஊரில் பெண்கள் மிஞ்சினார்கள். மண் சுவரைப் பூசி, ஓவியம் வரைந்து, பீங்கான் தட்டுகளைச் சுவரில் பதித்து அழகு பார்த்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பெண்கள்தான். நூபிய வீடு என்று இன்று உலகம் வியக்கும் அழகு, புருஷனும் அண்ணன் தம்பியும் வெளியூரில் இருந்த காலத்தில் வளர்ந்தது.

அப்புறம் 1963-64இல் எல்லோரையும் மொத்தமாகக் கிளப்பினார்கள். எகிப்து பக்கம் மட்டும் ஏறக்குறைய 50,000 பேர். சூடான் பக்கம் வாதி ஹல்ஃபா நகரமும் அதைச் சுற்றிய ஊர்களும் காலியாகி, கிட்டத்தட்ட அதே அளவு மக்கள் தொலைதூரத்தில் இருக்கும் கஷ்ம் அல் கிர்பாவுக்குப் போனார்கள். புறப்படும் முன் இடுகாட்டுக்குப் போய் முன்னோரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். எகிப்திய நூபியர்களுக்கு அஸ்வானுக்கு வடக்கே கோம் ஓம்போ பக்கம் வரிசை வரிசையாகக் கான்கிரீட் கூரை வீடுகள் கொடுக்கப்பட்டன. பல வீடுகள் அவர்கள் வந்தபோது கட்டி முடியவில்லை. குழந்தை பிறந்தாலும் கல்யாணம் நடந்தாலும் ஆற்றுக்குப் போகிறவர்கள் அவர்கள். ஆற்றுக்குள் வாழும் தேவதைகளுக்கு உணவு படைக்கும் பழக்கம் முஸ்லிம்களான பிறகும் அவர்களிடம் தொடர்ந்தது. அவர்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடத்திலிருந்து நைல் பல கிலோமீட்டர் தள்ளி. முதல் ஆண்டில் குழந்தைகளும் முதியவர்களும் நிறையப் பேர் இறந்துபோனார்கள்.

அணையே வந்திருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வெள்ளத்தையும் வறட்சியையும் மாறி மாறிப் பார்த்த நாட்டுக்கு அது தேவைப்பட்டது. ஒரு சிலை எந்தத் திசை பார்த்து நின்றதோ அதே திசை பார்க்க வைக்க எடுத்துக்கொண்ட அக்கறையில் கொஞ்சம் அந்தத் தாய்மார்களுக்கும் கிடைத்திருக்கலாம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்களைக் கூட்டிப் போகும் கிராமம் அனேகமாக மேற்குக் கரையில் இருக்கும் கர்ப் சொஹெய்ல். எலிஃபன்டைன் தீவிலும் நூபியக் கிராமங்கள் உண்டு. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், இவை எல்லாமே இரண்டு அணைகளுக்கும் கீழே, ஆறு வெளியேறும் பக்கத்தில் இருக்கின்றன. அதனால் தப்பின. எகிப்திய நூபியாவின் பெரும் பகுதி, பெரிய அணைக்குப் பின்னால் தேங்கிய நாசர் ஏரிக்கு அடியில் கிடக்கிறது. அங்கிருந்து வந்த மக்கள் கோம் ஓம்போவை ஒட்டிய நஸ்ர் அல் நூபாவில் இருக்கிறார்கள். தங்கள் பழைய ஊர்களின் பெயரையே புதுக் குடியிருப்புகளுக்கும் வைத்திருக்கிறார்கள். கப்பலில் வருகிற பயணிகள் கோம் ஓம்போவில் இறங்கி, முதலைத் தலைக் கடவுள் சோபெக்கின் கோவிலைப் பார்த்துவிட்டு ஏறிவிடுகிறார்கள். அந்த ஊர்கள் பக்கத்தில்தான் இருக்கின்றன. அவற்றைச் சுற்றிக் காட்டும் டூரிஸ்ட் பஸ் எதையும் நான் பார்த்ததில்லை.

ஆகவே கர்ப் சொஹெய்லைப் போலி என்று ஒதுக்காதீர்கள். வண்ணம் வியாபாரத்துக்காகப் பூசியது என்றே வைத்துக்கொள்வோம். அங்கே வசிப்பவர்கள் நூபியர்கள், வீட்டில் தங்கள் மொழியைப் பேசுகிறார்கள், அந்த வருமானத்தில்தான் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். ஒரு வீட்டில் உட்கார்ந்து கர்கதே குடியுங்கள், செம்பருத்தி இனப் பூவைக் காயவைத்துப் போடும் சிவந்த பானம் அது, அஸ்வானில் மிக நன்றாக இருக்கும். சாப்பிடுங்கள், கைவேலைப் பொருள் ஏதாவது வாங்குங்கள். பெண்களைப் படம் எடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். முதலைக் குட்டியை மட்டும் கையில் வாங்கிப் படம் எடுக்காதீர்கள். பெரிய அணைக்குப் பிறகு முதலைகள் ஏரிப் பக்கத்தோடு நின்றுவிட்டன. கிராமத்து வீடுகளில் தொட்டியில் இருப்பவை குட்டியாகப் பிடித்துவந்தவை.

முதல் நாள் காலையில் நூபியா அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1997இல் திறந்தது, கட்டடக் கலைக்கு ஆகா கான் விருது பெற்றது. பழைய வீடுகள், கல்யாணம், பள்ளிக்கூடம் எல்லாம் அங்கே காட்சியாக இருக்கின்றன. இதைப் பார்த்த பிறகு கிராமத்துக்குப் போனால் நீங்கள் கேட்கும் கேள்விகளே வேறாக இருக்கும். அணை வரப்போகிறது என்று சொல்லிக்கொண்டு கழுதை மீது ஊர் ஊராகப் போய்ப் பாடிய இசைக்கலைஞர் ஹம்சா எல் தின் பிறந்த தோஷ்கா இப்போது தண்ணீருக்குள். கிளம்பும் முன் அவருடைய ஊத் (அரபு நாட்டுத் தந்தி வாத்தியம்) வாசிப்பைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

ஃபிலேயில் ஹேட்ரியன் வாசலைக் கேட்டுப் பாருங்கள். நமக்குத் தெரிந்த கடைசி எகிப்திய சித்திர எழுத்து அங்கே இருக்கிறது. தேதி கி.பி. 394 ஆகஸ்ட் 24. எழுதியவர் ஒரு பூசாரி. பக்கத்தில் வடித்திருப்பது மந்துலிஸ், நூபியர்களின் கடவுள். ரோமப் பேரரசு கிறிஸ்தவமாகி மற்றக் கோவில்கள் மூடப்பட்ட பிறகும் ஃபிலேயின் இந்த ஐசிஸ் தேவி கோவில் ஆறாம் நூற்றாண்டு வரை நடந்தது. தெற்கே நூபியப் பக்கத்திலிருந்து வந்த பிளெம்மியர், நோபாட் என்ற இனத்தவர்கள் விடாமல் வழிபட வந்துகொண்டிருந்ததுதான் அதற்குக் காரணம். ஐந்தாம் நூற்றாண்டின் நடுவில் ரோமர்களோடு அவர்கள் செய்த உடன்படிக்கையில், கும்பிடப் போகும் உரிமையும் தேவியின் சிலையைத் தங்கள் ஊருக்கு எடுத்துப்போய்த் திருப்பித் தரும் உரிமையும் இருந்தன. எகிப்தின் பழைய மதத்தைக் கடைசி வரை தாங்கியவர்களில் நூபியர்கள் முக்கியமானவர்கள். வழிகாட்டிகள் பெரும்பாலும் இதைத் தொடுவதில்லை, நீங்களே கேளுங்கள்.

2014இல் எகிப்தின் அரசியலமைப்பில் 236ஆம் பிரிவு சேர்ந்தது. நூபியர்கள் தங்கள் பழைய பகுதிகளுக்குத் திரும்ப பத்து ஆண்டுக்குள் ஏற்பாடு செய்யப்படும் என்பது அதில் உள்ள உறுதி. பத்து ஆண்டு கடந்துவிட்டது. அவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கிராமத்தில் யாராவது இதைத் தாங்களாகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாகத் தொடங்க வேண்டாம், அங்கே இது எல்லோரும் வெளிப்படையாகப் பேசும் விஷயம் இல்லை.

அம்மா விஷயம். அருங்காட்சியகம் அவர்களுக்குச் சிரமம் இருக்காது. ஃபிலேக்குப் படகில் போக வேண்டும், ஏறி இறங்கும்போது ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அபு சிம்பலில் நுழைவாயிலிலிருந்து மலையைச் சுற்றி நடக்க வேண்டும், திரும்பும்போது ஏற்றம், மெதுவாகப் போனால் முடியும். முடிக்காத ஒபெலிஸ்க் (ஒற்றைக் கல் தூண்) கிடக்கும் கல் குவாரியைத் தவிர்த்துவிடுங்கள், பாறையில் மேடும் படியுமாக இருக்கும். நீங்கள் அங்கே இருக்கும் நேரத்தில் அம்மாவை நைல் கரையில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார வையுங்கள். பெரிய அணையில் கால் மணி நேரம் போதும், வண்டியிலிருந்து இறங்காமலே பார்க்கலாம். ஜனவரியில் பகல் இதமாக இருக்கும், ஆனால் அபு சிம்பல் போகும் விடிகாலையில் குளிரும். அவர்களுக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.