மூக்கில்லாத பாக்டீரியா மோப்பம் பிடிப்பது எப்படி?

பிளஸ் டூ மாணவி: மேடம், பாக்டீரியாவுக்கு நரம்பே கிடையாது. பக்கத்தில் உணவு இருப்பது அதற்கு எப்படித் தெரிகிறது?

பதில்: குடலில் வாழும் ஈ. கோலையைப் பாருங்கள். அதன் செல் முனைகளில் ஏற்பிப் புரதங்கள் ஆயிரக்கணக்கில் கொத்தாக இருக்கின்றன. ‘டார்’ என்ற ஏற்பியில் அஸ்பார்டேட் என்ற அமினோ அமிலம் ஒட்டியதும், சவ்வுக்குள் போகும் அதன் சுருள் ஓர் அணுவின் அகலத்துக்குத்தான் உள்ளே இறங்குகிறது. அவ்வளவு சின்ன அசைவு போதும்! உள்ளே ‘கீ-ஏ’ என்ற கைனேஸ் (பாஸ்பேட் ஏற்றும் நொதி) அடங்கிவிடும். ஏற்பியில் எதுவும் ஒட்டாதபோது கீ-ஏ ‘கீ-ஒய்’ புரதத்துக்கு பாஸ்பேட் கொடுத்துக்கொண்டே இருக்கும். பாஸ்பேட் ஏறிய கீ-ஒய் நீந்த உதவும் கசையிழையின் மோட்டாரைத் தொட்டால் பாக்டீரியா புரண்டு திசை மாறும். கீ-ஏ அடங்கினால் புரளல் குறையும், உணவை நோக்கிய நேர் ஓட்டம் நீளும்.

ஆசிரியர் ஒருவர்: அப்படியானால் உடம்பின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒப்பிடுகிறதா?

பதில்: இல்லை. உடல் நீளமே சுமார் 2 மைக்ரான். இரு முனைகளுக்கும் இடையிலான வித்தியாசம் மிக அற்பம். அது ஒப்பிடுவது ‘இப்போது’, ‘சற்று முன்’ என்ற இரண்டையும்தான். 1972இல் மேக்னாப், கோஷ்லாண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் பாக்டீரியாவைச் சட்டென்று செரின் என்ற அமினோ அமிலம் அதிகமுள்ள கரைசலுக்கு மாற்றினார்கள். அங்கே எல்லாப் பக்கமும் ஒரே அளவு செரின்தான். இருந்தும் அவை கொஞ்ச நேரம் புரளாமல் நேராக நீந்தின! இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

அந்த ‘சற்று முன்’ எங்கே பதிவாகிறது? ஏற்பியின் மேலேயே. ஒரு நொதி மெதுவாக மெத்தில் குறிகளை (சிறு வேதித் துணுக்குகளை) ஒட்டும், இன்னொன்று அகற்றும். குறி கூடக் கூட கீ-ஏ பழைய நிலைக்குத் திரும்பும். ஆக, மெத்தில் குறிகள் சில நொடிகளுக்கு முந்தைய நிலவரம். ஒட்டியிருக்கும் செரின் இந்த நொடியின் நிலவரம்.

செவிலியர்: நோய்க்கிருமிகளும் இப்படித்தானா?

பதில்: ஆம், ஆனால் நகர்வதற்கு மட்டுமல்ல, தற்காப்புக்கும் அவை இப்படி உணர்கின்றன. டைபாய்டு தரும் சால்மோனெல்லாவின் ‘ஃபோ-கியூ’ புரதம், நம் வெள்ளணுவுக்குள் இருக்கும் அமிலத்தன்மையையும் குறைந்த மெக்னீசியத்தையும் உணர்ந்து, கிருமியின் வெளிச்சுவரை மாற்ற வைக்கிறது. நீங்கள் வார்டில் பார்த்திருக்கும், வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் என்டரோகாக்கஸ் பாக்டீரியாவிலும் ‘வான்-எஸ்’ என்ற உணரி உண்டு. வான்கோமைசின் வந்த பிறகே அது எதிர்ப்பு மரபணுக்களை முடுக்கிவிடுகிறது.