டிஸ்ட்ரிபியூட்டர் வாங்குமுன் வாக்குவம் பிடிக்கிறதா என்று பாருங்கள்

கேள்வி: அப்பா வைத்திருந்த 1978 பெட்ரோல் அம்பாசடரை நான் ஓட்டுகிறேன். போன மாதம் மெக்கானிக் காதால் கேட்டே டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்) வைத்தார். பிக்கப் வந்துவிட்டது. ஆனால் மேடு ஏறினால் இன்ஜின் கடகடவென்று தட்டுகிறது, மைலேஜும் மோசம். சிலிண்டர்களுக்கு ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா, எலக்ட்ரானிக் கிட் போடலாமா? (காரைக்குடி வாசகர்)

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் உள்ள வாக்குவம் யூனிட்டுக்குள், இன்ஜினின் உறிஞ்சலால் (வாக்குவம்) அசையும் டயாபிரம் என்ற சவ்வு கிழிந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து ஒரே வேகத்தில் போகும்போது சிலிண்டருக்குள் கலவை குறைவு. அது மெதுவாக எரியும். அதனால் ஸ்பார்க் இன்னும் முன்னதாக வர வேண்டும். கார்புரேட்டரிலிருந்து வரும் மெல்லிய குழாய் டயாபிரத்தை இழுத்து, பாயின்ட் (திறந்து மூடி ஸ்பார்க்கை வரவைக்கும் தொடுமுனை) இருக்கும் தட்டைத் திருப்பி அந்த வேலையைச் செய்கிறது. மேட்டில் முழுசாக அழுத்தும்போது வாக்குவம் விழுந்துவிடும், டைமிங்கும் தானாகப் பின்னால் வரும். டயாபிரம் செத்திருந்தால் வண்டி மந்தமாக இருக்கும். அதை ஈடுகட்ட டைமிங்கை முன்னால் தள்ளி வைத்தால், மேட்டில் பின்னால் வர வழியில்லை. அதுதான் தட்டுகிறது. இப்படியே ஓட்டாதீர்கள், பிஸ்டன் போய்விடும்.

சோதிக்கக் காசு வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றுங்கள். வாக்குவம் யூனிட்டில் சுத்தமான ரப்பர் குழாயைச் செருகி வாயால் இழுங்கள். தட்டு நகர வேண்டும். நாக்கால் குழாயை அடைத்துக்கொண்டால் நகர்ந்த இடத்திலேயே நிற்க வேண்டும். மெல்லத் திரும்பி வந்தால் டயாபிரம் ஓட்டை. யூனிட்டை மட்டும் வாங்கினால் போதும்.

அப்புறம் டைமிங். முதலில் பாயின்ட் இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வையுங்கள், அதை மாற்றினால் டைமிங்கும் மாறும் என்பதால் இந்த வரிசை முக்கியம். பிறகு இக்னிஷன் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனைக்கும் பாடிக்கும் இடையே 12 வோல்ட் பல்பு. இக்னிஷனைப் போட்டு இன்ஜினை அது ஓடும் திசையிலேயே கையால் சுற்றுங்கள். மேனுவலில் சொன்ன குறி வரும்போது பல்பு எரிய வேண்டும். ஐடிலிங்கில் டைமிங் லைட்டால் பார்ப்பதானால் வாக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிடுங்கள்.

எலக்ட்ரானிக் கிட் நல்லதுதான், பாயின்ட் தேய்மானம் இருக்காது. ஆனால் வாக்குவம் வேலையை அது செய்யாது. ரோட்டார் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். தெளிவாக ஆடினால் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. அப்போது மெக்கானிக் சொல்வது சரி, முழு டிஸ்ட்ரிபியூட்டரே வாங்கலாம்.

யூனிட் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். லூகாஸ் யூனிட்களில் மூன்று எண்கள் குத்தியிருக்கும்: எந்த வாக்குவத்தில் தொடங்கும், எதில் முடியும், எத்தனை டிகிரி. டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், கடைசி எண் 10 என்றால் கிராங்கில் 20 டிகிரி. இந்த எண்கள் பொருந்தாவிட்டால் வடிவம் ஒத்தாலும் வாங்க வேண்டாம். கடையிலேயே வாய் வைத்து இழுத்துப் பார்த்து, வாக்குவம் பிடித்து நின்றால் மட்டும் பில் போடச் சொல்லுங்கள்.