கம்பனி தொடங்கினால் கிரெடிட் என்னவாகும்?

கேள்வி: நாங்கள் லண்டன் ஹேரோவில் இருக்கிறோம். கணவர் பெற்றோல் நிலையத்தில் வாரம் 16 மணித்தியாலம் வேலை செய்கிறார். ஐந்து வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு பிள்ளைகள். அரசு உதவிப்பணமான யூனிவர்சல் கிரெடிட் இல்லாவிட்டால் வாடகை கட்ட முடியாது. நான் வீட்டுக் குசினியில் ரோல்ஸ், பற்றிஸ், பயற்றம் உருண்டை செய்து விற்கத் தொடங்க நினைக்கிறேன். லிமிட்டெட் கம்பனியாகப் பதிந்து, இலாபத்தை எடுக்காமல் கம்பனிக்குள்ளேயே விட்டுவிட்டால் கிரெடிட் குறையாது என்றும், பயமாக இருந்தால் மச்சாளின் பெயரில் பதியலாம் என்றும் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். சீட்டு எடுத்த 10,000 பவுண் வங்கியில் இருக்கிறது. அதையும் கம்பனிக்குள் போடச் சொல்கிறார். அடுத்த மாதக் கடைசியில் ஒரு பிறந்தநாள் விழாவுக்கு 200 ரோல்ஸ் கேட்டிருக்கிறார்கள். ஏற்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்களுக்கு ஆலோசனை சொன்னவர் வரிச் சட்டத்தையும் உதவிப்பணச் சட்டத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருக்கிறார். வரியைப் பொறுத்தவரை கம்பனி வேறு, நீங்கள் வேறு என்பது சரி. ஆனால் 2013ஆம் ஆண்டின் யூனிவர்சல் கிரெடிட் ஒழுங்குவிதிகளில் 77ஆவது விதி இந்தப் பிரிவினையை ஏற்பதில்லை. ஒரு கம்பனியின் தனி உரிமையாளருக்கோ பங்காளிக்கோ ஒப்பான நிலையில் ஒருவர் இருந்தால், அந்தக் கம்பனியின் வருமானம் அவருடைய சொந்தத் தொழில் வருமானமாகவே கணக்கிடப்படும் என்று அது சொல்கிறது. நீங்கள் இலாபத்தை எடுத்தீர்களா, கம்பனியின் வங்கிக் கணக்கிலேயே விட்டுவைத்தீர்களா என்பதை அந்த விதி பார்ப்பதில்லை. பணிப்பாளராக உங்களுக்கு நீங்களே சம்பளம் போட்டால் அது ஊழியர் வருமானமாக ஒரு பக்கம் கணக்கில் வரும். சம்பளம் போக எஞ்சிய இலாபம் மறுபக்கம் வரும்.

மச்சாளின் பெயரில் பதிவதைப் பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை, செய்யாதீர்கள். சமைப்பதும் விற்பதும் பணத்தைக் கையாள்வதும் நீங்களாக இருக்கையில், ஆவணத்தில் மட்டும் வேறொருவர் பெயர் இருப்பது உங்களைக் காப்பாற்றாது. ஒரு கம்பனியை உண்மையில் யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்பதையும் கம்பனிகளைப் பதியும் அரசு அலுவலகமான கம்பனீஸ் ஹவுஸுக்கு அறிவிக்க வேண்டும், அந்தப் பதிவேட்டை எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அதோடு, 2025 நவம்பர் 18 முதல் புதிய பணிப்பாளர்கள் தங்கள் அடையாளத்தை உறுதிப்படுத்தியாக வேண்டும். வருமானத்தை மறைத்து உதவிப்பணம் பெறுவது குற்றம். கூடுதலாகப் பெற்றதைத் திருப்பிக் கட்டுவதோடு அது முடிந்துவிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வழக்கும் வரலாம், அதில் மச்சாளும் இழுபடலாம்.

சீட்டுப் பணத்துக்கு வருகிறேன். தம்பதியராகக் கோரும் உங்கள் இருவருடைய சேமிப்பும் சேர்ந்து 6,000 பவுணுக்கு மேற்பட்டால், மேற்படும் ஒவ்வொரு 250 பவுணுக்கும் மாதம் 4.35 பவுண் வருமானம் இருப்பதாகக் கொள்வார்கள். 10,000 பவுணுக்கு அது 69.60 பவுண். 16,000 பவுணைத் தாண்டினால் கிரெடிட்டே கிடையாது. இந்தத் தொகையை நீங்கள் ஏற்கெனவே அறிவித்திருக்கிறீர்களா என்பது கடிதத்தில் தெளிவாக இல்லை. அறிவிக்காவிட்டால் இன்றே உங்கள் இணையக் கிரெடிட் கணக்கிலுள்ள ஜேர்னல் என்ற செய்திப் பகுதியில் எழுதுங்கள். கம்பனிக்குள் போட்டால் பணம் மறைந்துவிடாது. கம்பனியின் சொத்துக்களில் தொழிலுக்கென்றே முழுதாகப் பயன்படுபவை, நீங்கள் அந்தத் தொழிலில் ஈடுபட்டிருக்கும் வரை மூலதனமாகக் கணக்கில் எடுக்கப்படமாட்டா. ஆனால் தொழிலுக்குத் தேவைப்படாமல் சும்மா கிடக்கும் பணம் உங்கள் சேமிப்பாகவே எண்ணப்படக்கூடும். அடுப்பும் உறைபெட்டியும் வாங்கினால் அவை தொழிற் சொத்துக்கள். அந்தச் சலுகை கம்பனி இல்லாமல் தனிநபராகத் தொழில் செய்பவருக்கும் அப்படியே உண்டு.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் உங்கள் குடும்பத்தை அதிகம் பாதிக்கப்போவது: தொழில் தொடங்கி ஒரு வருடம் முடிந்தபின் என்ன நடக்கும் என்பது. தொழில் தொடங்குவதாக அறிவித்தவுடன் அரசின் வேலைவாய்ப்பு அலுவலகமான ஜொப் சென்டரில் ஒரு நேர்காணலுக்கு அழைப்பார்கள். உங்கள் தொழில் ஒழுங்காக நடத்தப்படுகிறதா, தொடர்ச்சியானதா, இலாப நோக்குடையதா, அதுவே உங்கள் முதன்மை வேலையா என்று பார்த்து, ஆம் என்று தீர்மானித்தால், அதிலிருந்து 12 மாதங்களைத் தொடக்கக் காலமாகத் தருவார்கள். அந்தக் காலத்தில் உண்மையில் உழைத்ததை மட்டுமே கணக்கில் எடுப்பார்கள். 12 மாதங்கள் முடிந்ததும் குறைந்தபட்ச வருமான எல்லை ஒன்று நடைமுறைக்கு வரும். அதற்குக் குறைவாக உழைத்தாலும் அவ்வளவு உழைத்ததாகவே கொண்டு கிரெடிட்டைக் கணக்கிடுவார்கள்.

உங்கள் கணக்கிலேயே இதைப் பார்ப்போம். பிள்ளைகளை முதன்மையாகப் பராமரிப்பவர் நீங்கள் என்பதாலும், இளையவருக்கு 13 வயது ஆகவில்லை என்பதாலும், உங்களிடம் வாரத்துக்கு 30 மணித்தியாலம் வரை எதிர்பார்க்கலாம். 2025 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டின் குறைந்தபட்ச ஊதிய வீதமான மணிக்கு 12.21 பவுணால் பெருக்கி, வரியையும் தேசியக் காப்புறுதியையும் கழித்தால், மாத எல்லை 1,440 பவுண் அளவில் நிற்கும். ஒரு மாதத்தில் செலவு போக 500 பவுண் இலாபம் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் இருப்பதால் உங்களுக்கு வேலைச் சலுகை உண்டு, அதாவது ஒரு தொகை வரை உழைத்தாலும் கிரெடிட் குறையாது; அந்த நிதியாண்டுக்குரிய 411 பவுண் சலுகையைக் கணவரின் சம்பளமே முடித்துவிடும். ஆகவே உங்கள் இலாபத்தில் ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் வீதம் கிரெடிட் குறையும். தொடக்கக் காலத்தில் 275 பவுண் குறைந்து, 225 பவுண் கையில் மிஞ்சும். தொடக்கக் காலம் முடிந்தபின் அதே 500 பவுண் உழைத்தாலும், 1,440 பவுண் உழைத்ததாகக் கொண்டு ஏறத்தாழ 790 பவுணைக் குறைப்பார்கள். அதாவது, வேலை செய்த மாதத்தில் வீட்டுக்கு 290 பவுண் நட்டம்.

கம்பனியாகப் பதிந்தாலும் இந்த எல்லை பொருந்தும். இப்போது தனிநபராகத் தொடங்கி, பின்னர் அதே தொழிலைக் கம்பனியாக மாற்றினாலும் புதிதாக இன்னொரு 12 மாதங்கள் கிடைக்காது. வேறு தொழில் என்றாலும் ஐந்து ஆண்டுகளுக்குள் மறுபடி தரமாட்டார்கள். எனவே அந்த ஒரு வருடத்துக்குள் மாதம் 1,440 பவுண் இலாபத்தை எட்ட முடியுமா என்பதை முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். ரோல்ஸ் ஒன்றில் செலவு போக 40 பென்ஸ் மிஞ்சினால், மாதத்துக்கு 3,600 ரோல்ஸ் விற்க வேண்டும். வீட்டுக் குசினியில் ஒற்றை ஆளாக அது முடியுமா என்பது என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். வார இறுதியில் மட்டும் சிறிதாகச் செய்வதானால், அதை முதன்மைத் தொழிலாகக் கொள்ளாமல் விடவும் கூடும். அப்போது இந்த எல்லை பொருந்தாது, ஆனால் வேறு வேலை தேடும் கடமை உங்களுக்கு இருக்கும். இரண்டில் எது நடந்தாலும் வருமானத்தை மாதாமாதம் அறிவித்தாக வேண்டும்.

இந்த நிலையில் லிமிட்டெட் கம்பனி உங்களுக்குத் தேவையில்லை என்பதே என் கருத்து. பதிவுக் கட்டணம் 2024 மே மாதத்தில் 12 பவுணிலிருந்து 50 ஆக உயர்த்தப்பட்டது. பதியும் நாளில் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அது ஒருமுறைச் செலவு. ஆண்டுக் கணக்கு, ஆண்டு உறுதிப்படுத்தல் அறிக்கை, கம்பனி வரிப் படிவம் ஆகியவையோ ஆண்டுதோறும் தொடரும். ஆண்டுக் கணக்கை ஒரு நாள் பிந்திக் கொடுத்தாலும் 150 பவுண் தண்டம், ஆறு மாதங்களுக்கு மேல் பிந்தினால் 1,500. கணக்காளர் கட்டணம் தனி. (கம்பனி பதியச் சொல்பவர் கணக்காளராக இருந்தால் இந்தக் கடைசி வரியை இரண்டு தரம் வாசியுங்கள்.) சாப்பாட்டால் யாருக்காவது சுகமில்லாமல் போய் வழக்கு வந்துவிடுமோ என்ற பயம் நியாயமானது, அதற்குக் கம்பனி பதிவதற்குப் பதிலாகப் பொறுப்புக் காப்புறுதி எடுக்கலாம். கம்பனியிடமிருந்து மட்டுமே வாங்குவோம் என்று பெரிய வாடிக்கையாளர் ஒருவர் சொல்லும் நாளில் இதைத் திரும்ப யோசிக்கலாம்.

தனிநபராகத் தொடங்கினால் கணக்கு வைப்பது எளிது. உங்கள் கிரெடிட் மாதத்துக்குள் (கிரெடிட்டைக் கணக்கிட எடுக்கும் ஒரு மாதக் காலம்) கைக்கு வந்த காசையும், அதே மாதத்தில் கொடுத்த செலவையும் எழுதினால் போதும். உறைபெட்டி வாங்கிய மாதத்தில் நட்டம் வந்தால், அந்த நட்டத்தை அடுத்தடுத்த மாத இலாபத்தில் கழிப்பார்கள். வரித் திணைக்களத்தில் பதிவது வேறு வேலை. ஒரு வரி ஆண்டில் விற்பனை வரவு 1,000 பவுணைத் தாண்டினால் அந்த ஆண்டை அடுத்து வரும் அக்டோபர் 5க்குள் பதிய வேண்டும். அந்த 1,000 பவுண் விலக்கு வரிக்கு மட்டுமே உரியது, கிரெடிட்டுக்கு இல்லை. கவுன்சில் வரிச் சலுகை பெறுகிறீர்கள் என்றால் கவுன்சிலுக்கும் தனியாக அறிவியுங்கள். நேர்காணலுக்குப் போகும்போது மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேளுங்கள். அதற்கு முன் பொதுமக்களுக்கு ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகம் ஒன்றில் உங்கள் கணக்கை ஒருமுறை காட்டுவது நல்லது.

200 ரோல்ஸ் கட்டளையை ஏற்பதற்கு முன் நாட்காட்டியைப் பாருங்கள். உணவு விற்பவர் தொழில் தொடங்குவதற்குக் குறைந்தது 28 நாட்களுக்கு முன் தம் கவுன்சிலில் பதிய வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. விழா அடுத்த மாதக் கடைசியில் என்கிறீர்கள்; இந்த வாரமே பதிந்தால் அதற்கு நாள் இருக்கிறது. முற்பணம் வாங்கினால், விழா எப்போது நடந்தாலும், அது கைக்கு வந்த கிரெடிட் மாதத்தின் வருமானமாகவே அதை அறிவிக்க வேண்டும்.