மனநல மருத்துவம் கேட்கும் மகனுக்கு அமெரிக்கத் தேர்வு எதற்கு?

அன்புள்ள அம்மா,

மகன் மருத்துவப் பட்டமும் வாங்கி, பயிற்சி ஆண்டையும் முடித்துவிட்டான். 'அமெரிக்கா போகட்டும், கார்டியாலஜி (இதய மருத்துவம்) எடுக்கட்டும்' என்று உறவு முழுக்க ஒரே குரலில் சொல்கிறது. அவன் மனநல மருத்துவம் என்கிறான். இரண்டுக்கும் நடுவில் உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. வருத்தம் புரிகிறது. ஆனாலும் ஆறுதல் சொல்லி அனுப்பிவிட எனக்கு மனமில்லை, ஏனென்றால் நீங்கள் உறவினர் பக்கம், அதாவது தவறான பக்கம், சாயத் தொடங்கியிருக்கிறீர்கள்.

அமெரிக்காவில் கார்டியாலஜி என்றால் முதலில் 3 ஆண்டு பொது மருத்துவம், அதன்பின் இன்னும் 3 ஆண்டு. அதற்கும் முன்னால் ஸ்டெப் 1, ஸ்டெப் 2 என்ற மருத்துவ உரிமத் தேர்வுகள். அவற்றில் தேறினாலே இடம் கிடைத்துவிடாது. 'மேட்ச்' ஒதுக்கீட்டில் ஒரு மருத்துவமனை அவனை எடுத்துக்கொள்ள வேண்டும். 2022 முதல் ஸ்டெப் 1 தேர்வில் மதிப்பெண்ணே கிடையாது, தேர்ச்சியா தோல்வியா என்பது மட்டும்தான். அதனால் ஸ்டெப் 2 மதிப்பெண்ணும், அந்த நாட்டு மருத்துவமனையில் பெற்ற அனுபவமும், பரிந்துரைக் கடிதங்களும் முன்பைவிடக் கனமாகிவிட்டன. பணமெல்லாம் முன்கூட்டியே போகும், இடம் நிச்சயமில்லை. தனக்குப் பிடித்த துறைக்காக ஒருவன் இத்தனையையும் தாங்குவான். பெரியப்பா மெச்சுவதற்காக யாராலும் தாங்க முடியாது. பிரிட்டன், ஆஸ்திரேலியா வழிகளைப் பற்றி ஏற்கெனவே நிறையக் கேட்டிருப்பீர்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

நான் சொல்ல வருவது ஜெர்மனி. நம் வீடுகளில் மொழியை நினைத்தே அதைத் தள்ளிவிடுகிறார்கள்.

அங்கே மேற்படிப்புக்கு நாடு தழுவிய நுழைவுத் தேர்வு கிடையாது. மருத்துவமனைக்கு நேரடியாக விண்ணப்பித்து, நேர்காணலில் தேர்வாகி, பயிற்சி மருத்துவராகச் சேர வேண்டும். அது முதல் நாளிலிருந்தே சம்பளம் வரும் வேலை. மனநலத் துறைக்கு 5 ஆண்டு. அதில் 1 ஆண்டு நரம்பியல். உளசிகிச்சைப் பயிற்சியும் (பேச்சு வழியாகக் குணப்படுத்தும் முறை) அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. முடித்தால் 'மனநலம் மற்றும் உளசிகிச்சை' நிபுணர். மருந்து எழுதுவதோடு நின்றுவிடாமல் நோயாளியிடம் உட்கார்ந்து பேச ஆசைப்படும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு எனக்குத் தெரியவில்லை.

போகும் முறை இது. முதலில் ஜெர்மன் மொழியில் பி2 நிலை, அதாவது ஐரோப்பிய மொழித் தர அளவில் நடுத்தரத்துக்குச் சற்று மேல். பிறகு மருத்துவ மொழித் தேர்வு, அதற்கும் அடுத்த படியான சி1 தரத்தில், எஃப்எஸ்பி என்பார்கள். 20 நிமிடம் வீதம் மூன்று பகுதிகள். நோயாளியாக நடிப்பவரிடம் எளிய சொற்களில் நோய் வரலாறு கேட்க வேண்டும், அதை அறிக்கையாக எழுத வேண்டும், அதன்பின் மூத்த மருத்துவரிடம் துறைச் சொற்களில் எடுத்துச்சொல்ல வேண்டும். முழு உரிமத்துக்கு 'அப்ரோபாட்சியோன்' என்று பெயர். நம் பட்டத்தை அவர்கள் படிப்போடு ஒப்பிட்டுப் பார்த்துக் குறை கண்டால் அறிவுத் தேர்வு எழுதச் சொல்வார்கள். அது பொது மருத்துவத்தையும் அறுவை சிகிச்சையையும் மையமாகக் கொண்ட வாய்மொழி, செய்முறைத் தேர்வு. தோற்றால் இரண்டு முறை மீண்டும் எழுதலாம். அதற்குள் வேலை பார்க்க, அதிகபட்சம் 2 ஆண்டுக்குத் தற்காலிக அனுமதியும் உண்டு. 16 மாநிலங்களும் தனித்தனியாக உரிமம் தருவதால் கேட்கும் ஆவணங்களும் காத்திருப்பும் மாறும். பாடத்திட்ட நேர விவரம், நன்னடத்தைச் சான்று, அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பு ஆகியவற்றை இப்போதே சேர்க்கத் தொடங்கட்டும். வேலை பெரும்பாலும் சிறிய ஊர்களில்தான் முதலில் கிடைக்கும். பெரிய நகரம்தான் வேண்டும் என்று அவன் பிடிவாதம் பிடிக்கக் கூடாது.

ஒன்றை மறைக்க மாட்டேன். மனநலத் துறையில் மொழிதான் கருவி. அறுவை சிகிச்சையில் ஒரு வினைச்சொல் தடுமாறினால் சமாளிக்கலாம். தற்கொலை எண்ணத்தோடு வந்தவர் அரைகுறையாகச் சொல்லி நிறுத்துவது இவனுக்குப் புரிந்தே ஆக வேண்டும். பி2 சான்றிதழை வைத்துக்கொண்டு இந்தத் துறையில் காலூன்ற முடியாது. அதனால் வேலையை விடாமல் இங்கேயே பி2-க்கு முந்தைய படியான பி1 வரை படிக்கட்டும். அந்த மொழி அவனுக்குப் பிடிக்கிறதா, சுமையாக இருக்கிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும். சுமை என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம், பெரிய நட்டம் இல்லை.

பண விஷயத்தில் என் பேச்சை அப்படியே கேளுங்கள். வேலை உறுதி என்று சொல்லி மொத்தமாகப் பணம் கேட்கும் முகவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். விண்ணப்பத்தை அவனே எழுதலாம், எழுதவும் வேண்டும். நேர்காணலில் அவன்தானே பேசப் போகிறான். மொழி வகுப்பு, தேர்வுக் கட்டணம், மொழிபெயர்ப்பு, விசா, அங்கே சம்பளம் வரும்வரை சாப்பாடும் வாடகையும் என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். அது வீட்டை அடகு வைக்காமல் முடியாத தொகை என்றால் அவன் இன்னும் ஓர் ஆண்டு இங்கே வேலை பார்த்துச் சேர்க்கட்டும். வீட்டுப் பத்திரத்தை வெளியே எடுக்காதீர்கள்.

உறவினர் கேட்டால், 'அவன் துறையை முடிவு செய்துவிட்டான்' என்று மட்டும் சொல்லுங்கள். எந்தத் துறை, எந்த நாடு என்ற விவாதத்துக்கு அவர்களை உட்கார வைக்க வேண்டாம். அடுத்த முறை என்னிடம் நீங்கள் பேச வேண்டியதில்லை. அவனையே பேசச் சொல்லுங்கள்.